கடித்த உருளைக்கிழங்கு

காலை ஐந்தே காலுக்கு மணி அடித்தார்கள். கடல் படுத்திருந்தது. நைட்டிங்கேல் தீவுக்குப் படகு விடலாம்.

துறைமுகக் கொட்டகையில் மூட்டைகளை அவிழ்த்தேன். அந்தத் தீவுக்குப் போகும் எதையும் நான் பார்த்த பிறகுதான் படகில் ஏற்ற வேண்டும். எங்கள் தீவில் எலி உண்டு, அங்கே இல்லை. அதனால்தான் தடித்த அலகுள்ள அந்தக் குருவி இன்னும் அங்கே இருக்கிறது. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. நூறு ஜோடிகூடத் தேறாது.

படகுத் தலைவர் நெவில், என் அம்மாவின் தம்பி. அவருடைய உருளைக்கிழங்கு மூட்டையைக் காணோம்.

“ராத்திரியே படகுல போட்டுட்டேன். நேரம் மிச்சம்.”

“இறக்குங்க மாமா.”

“வருஷா வருஷம் ஊரே எலி பிடிச்சு வால் அளக்குற போட்டியில மூணு வருஷமா நீளமான வால் யாரோடது? எனக்கே பாடம் எடுக்கிறியா?”

இறக்கினார். கீழ்மூலையில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை. ஒரு கிழங்கில் பல் தடம். கடித்த இடம் இன்னும் காயவில்லை.

“சரி, அதை இங்கயே போட்டுட்டுக் கிளம்பலாம்,” என்றார்.

“கடிச்சது மூட்டையில இல்ல. அப்ப படகுல இருக்கு. எல்லாத்தையும் இறக்கணும். அடிப்பலகையையும் பேர்க்கணும்.”

“எட்டு மணிக்குக் காத்து திரும்பிடும், மார்லீன். இதை விட்டா இந்த வருஷம் போக முடியாது.”

உண்மைதான். குளிர்காலம் முழுக்க எங்கள் வாணலிகளில் உருகுவது அங்கிருந்து வரும் கடற்பறவைக் குஞ்சுகளின் கொழுப்பு. என் வாணலியிலும்.

கிரேனிலிருந்து சாவியை உருவிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். கிரேன் இல்லாமல் படகு தண்ணீரைத் தொடாது. கிரேன் ஓட்டுபவர் என் கணவர் செல்வின்.

“வீட்டுக்கு வா, பேசிக்கறேன்,” என்றார்.

“வீட்டுச் சாவியும் என்கிட்டதான் இருக்கு.”

இரண்டு பேர் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை.

“அந்தக் குருவிய எத்தனை தடவ பாத்திருக்க?”

“ரெண்டு தடவ.”

“ரெண்டு தடவ பாத்ததுக்கு ஊரே காஞ்ச ரொட்டி திங்கணுமா?”

“ஒரு தடவகூடப் பாக்கலன்னாலும் இதைத்தான் சொல்வேன். இறக்குங்க.”

வேறு வழியில்லாமல் இறக்கினார்கள். கயிறு, பீப்பாய், கித்தான், சட்டி. பலகைகளைப் பேர்த்தார்கள். நான் குப்புறப் படுத்து விளக்கடித்துப் பார்த்தேன். எலி இல்லை. எலிப் புழுக்கைகூட இல்லை.

எட்டு மணி ஆவதற்குள் அலை தடுப்புச் சுவரைத் தாண்டி வந்து எங்கள் கால்களை நனைத்தது. படகை மேலே இழுத்துக் கட்டினார்கள்.

மாமா என் முன்னால் வந்து நின்றார். சுற்றிலும் பதினோரு பேர்.

“எலி எங்க? அதைக் காட்டு. ஊருக்கு நான் பதில் சொல்லணும்.”

சாவியை செல்வினிடம் எறிந்தேன். கிழங்கை எடுத்து மாமாவின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“அப்ப இதைக் கடிச்சது யாரு மாமா, நீங்களா?”