கிசில்சுவின் நீலச் சட்டை

பெட்டியில் வந்த சட்டைகள் எல்லாம் நீலம். நஸ்மியே ஒவ்வொன்றாக எடுத்து உதறி, மடியில் விரித்து, இடது மார்புப் பக்கம் சின்னத்தை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். வழவழப்பான துணி. ஊசி குத்திய இடத்தில் நிற்காமல் நழுவியது. கேலரிப் படிகளுக்கு அடியில் சரிந்த கூரையுள்ள சின்ன அறை அது. மூலையில் சலவை இயந்திரம் கடைசிச் சுற்றுக்கு வந்து உதறிக்கொண்டிருந்ததில் சுவரும் சேர்ந்து அதிர்ந்தது.

"அக்கா, முடிஞ்சுதா?" என்று கதவருகே வந்து நின்றான் முசாஃபர். பந்து, காலணி, தண்ணீர்ப் புட்டி என்று ஊர்க் கால்பந்து அணியின் சாமான்களைப் பார்த்துக்கொள்பவன்.

"கண்ணு போகுதுடா. இங்க பாரு, கோட்டைக் கோபுரம் இவ்ளோ பெருசு. பெய்ஹிசார்னு எழுதினது இவ்ளோ பெருசு. அடியில நம்ம ஊர் பேரு எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு."

"ஊருதுல்ல? அதுக்கே சந்தோஷப்பட்டுக்க."

நஸ்மியே நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஊர்ல யாருக்காச்சும் தெரியுமா?"

"தலைவர் நாளைக்குக் காலைல சொல்லிக்கிறேன்னார். நீ தையி."

கிளப் தலைவர் ஃபிக்ரெத் பே அந்த வாரம் நேரில் வந்து இதே அறையில் நின்றுவிட்டுப் போயிருந்தார். கட்டடம் கட்டும் முதலாளி. அந்தக் கூரைக்குக் குனிந்து நிற்க வேண்டியிருந்தது அவருக்கு. முசாஃபர்தான் அட்டைப்பெட்டிகளைச் சுமந்து வந்து வைத்தான். "நஸ்மியே அக்கா, ஞாயித்துக்கிழமை பசங்க இதத்தான் போட்டுட்டு எறங்கணும். பெய்ஹிசார்லேருந்து பெரிய மனுஷங்கல்லாம் வராங்க. தோக்காம இருந்தாப் போதும், மேல் லீக்குக்குப் போயிடுவோம். போனதும் ரெண்டு ஊருக்கும் ஒரே கிளப். உன்னையும் முசாஃபரையும் கையோட கூட்டிட்டுப் போறேன். அங்க கம்பெனி மாதிரி. பேரு பதிஞ்சு, இன்சூரன்ஸ் எல்லாம் கட்டுவாங்க" என்றார்.

அந்தக் கடைசிச் சொல்லில்தான் அவள் ஊசியைக் கையில் எடுத்தது. இத்தனை வருஷம் கிசில்சு ஸ்போர் என்ற இந்தக் கிளப்பின் சேற்றையெல்லாம் வெளுத்தவளுக்கு எந்த அலுவலகத்திலும் பெயர் கிடையாது. வீட்டுக்காரன் யாகூபுக்கும் கிடையாது. செங்கல் சூளையில் இளமை முழுக்கத் தூசியைக் குடித்தவன். சூளையை மூடிய பிறகு போய்க் கேட்டால், அப்படி ஓர் ஆள் வேலை செய்ததாகவே பதிவில்லை என்றார்கள். இப்போது நாலு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நுரையீரலைப் பார்க்கிற ஆஸ்பத்திரி பெய்ஹிசாரில் இருக்கிறது. அங்கே முதல் ஜன்னலிலேயே கேட்கிற கேள்வி, "இன்சூரன்ஸ் இருக்கா?"

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது யாகூப் வாசலில் உட்கார்ந்து, பழைய எண்ணெய் டின்னை வெட்டி நீளத் தகடாக்கி, அதில் வெள்ளைப் பெயின்ட்டால் எண்பத்திரண்டு என்று எழுதிக்கொண்டிருந்தான்.

நாட்டில் மாகாணங்கள் எண்பத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், அதுதான் வண்டித் தகட்டில் முதலில் வரும். அந்தந்த ஊர் ஆட்டத்தில் அந்த எண் நிமிடம் வந்தால் கேலரியே எழுந்து நின்று கத்தும். கிசில்சுவுக்கு எண் கிடையாது. பெய்ஹிசார் மாகாணத்துக்குள் அது ஒரு வட்டம், அவ்வளவுதான். தேர்தலுக்குத் தேர்தல் யாராவது வந்து, "அடுத்த மாகாணம் நீங்கதான்" என்று சொல்லிவிட்டு ஆட்டுக்கறி தின்றுவிட்டுப் போவார்கள். அதற்காக இந்த ஊர்க்காரர்கள் சும்மா இருந்துவிடுவார்களா? தங்களுக்குத் தாங்களே எண்பத்திரண்டு என்று எண் போட்டுக்கொண்டார்கள். எண்பத்திரண்டாவது நிமிடத்தில் ஒவ்வொருவனும் தகட்டைத் தூக்கிப் பிடித்துக் கரண்டியால் அடிப்பான். வெளியூர்க்காரன் சிரிப்பான். சிரித்துவிட்டுப் போகட்டும்.

"போன வருஷத் தகடு என்னாச்சு?" என்றாள் நஸ்மியே.

"அடிச்சு அடிச்சு ஓட்டையாயிடுச்சு. கத்தறதுக்குத்தான் மூச்சில்ல, கரண்டி பிடிக்கக் கை இருக்குல்ல?" யாகூப் இருமி முடித்துவிட்டு நிமிர்ந்தான். "நாளைக்குச் சட்டையெல்லாம் பளிச்சுன்னு இருக்கணும், ஆமா. எங்கப்பன் மண்ணெடுத்த ஆத்தோட செவப்பு. அதுல ஒரு கறை இருந்தாலும் உன்னத்தான் கேப்பேன்."

நஸ்மியே, "சூப்பு வைக்கிறேன்" என்று சொல்லி உள்ளே போனாள்.

இந்தக் கேலரியே சூளைக்காரர்கள் கட்டியது. உடைந்த கல், கோணல் கல், முதலாளி ஒதுக்கிய கல், எல்லாம் வேலை முடிந்து போகும்போது ஆளுக்கு ஒன்றாகச் சாப்பாட்டுப் பையில் வந்தவை. அதனால் ஒரு படியும் இன்னொரு படியும் ஒரே உயரம் கிடையாது. சட்டைக்கு நிறம் தேடி யாரும் அலையவில்லை. ஆறு என்ன நிறத்தில் ஓடியதோ, சூளையில் மனிதர்கள் என்ன நிறத்தில் வெளியே வந்தார்களோ, அதே நிறம்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோணல் படிகளில் இடமில்லாமல் மதிலிலும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். மடி மடியாகச் சூரியகாந்தி விதை. காலையில் சொல்லிக்கொள்வதாகச் சொன்ன தலைவர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அவர் நடுவில் போட்டிருந்த நாற்காலிகளில், பெய்ஹிசார் விருந்தாளிகளுக்கு நடுவில் இருந்தார். நஸ்மியே அறைக் கதவை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு அங்கிருந்தே பார்த்தாள்.

முதலில் வெளியே வந்தது நீலம், பெய்ஹிசாரின் நிறம். ஒரு கணம் மைதானமே மூச்சை இழுத்தது. பிறகு விசில். விதைத்தோல், காகிதக் கோப்பை, கைக்குக் கிடைத்ததெல்லாம் பறந்தது. "பெய்ஹிசார் நாய்ங்களா, வந்த வழியே போங்கடா!" முன்னால் வந்த பையன், ஊர்க்கோடி ரொட்டிக்கடைக்காரரின் மகன், திகைத்துப்போய்ப் பின்னால் திரும்பிப் பார்த்தான், வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று. அதற்குப் பின்னால் எதிரணி வந்தது. சிவப்புச் சட்டை. கேலரி எழுந்தது. தகடுகள் முழங்கின. எங்கோ மலைக்கு அந்தப்பக்கத்திலிருந்து வந்த அந்தப் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, கூச்சத்தோடு கையை ஆட்டினார்கள்.

"டேய், நிறுத்துங்கடா! நீலச் சட்டை நம்ம பசங்கடா! அது நம்ம ரொட்டிக்கடைப் பையன்!" என்று முன்வரிசையில் ஒருவர் கத்தினார்.

"நம்ம பையனா இருந்தா நம்ம சட்டையப் போட்டுட்டு வரட்டும்!"

"மார்ல என்னய்யா அது? கோட்டையா? அவனுங்க கோட்டையா?"

ஆட்டம் தொடங்கியும் அது தெளியவில்லை. நீலச் சட்டையைப் பார்த்துக் கத்த வாய் வரவில்லை யாருக்கும். சொந்தப் பையன் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினால் மௌனம். சிவப்பு ஓடினால் பழக்கதோஷத்தில் பாதிப் பேர் எழுந்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நஸ்மியே யாகூபைத் தேடினாள். அவன் மூன்றாவது படியில் தகட்டை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, நேராக அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

யாரும் கோல் போடாமலே எண்பத்திரண்டாவது நிமிடம் வந்தது. அதைத் தடுக்க யாரால் முடியும்? கால்கள் தானாக எழுந்தன, கரண்டிகள் தானாக அடித்தன. ஊரே திரண்டு முழங்கியது. அப்போது பந்து சிவப்பின் காலில் இருந்தது. அந்தப் பையன் தனக்குத்தான் இத்தனை முழக்கம் என்று நினைத்தானோ என்னவோ, அதுவரை ஓடாத ஓட்டம் ஓடினான். ரொட்டிக்கடைக்காரரின் மகன் காதைப் பொத்தினாற்போல் நின்றுவிட்டான். பந்து வலைக்குள் போனது. கேலரி ஓவென்று குதித்தது. குதித்தவர்கள் காற்றில் இருக்கும்போதே நடந்தது புரிந்துவிட்டது. இறங்கி உட்கார்ந்த சத்தம் மட்டும் கேட்டது. மேல் லீக் போய்விட்டது.

ஆட்டம் முடிந்ததும் ஃபிக்ரெத் பே ஒலிபெருக்கியை வாங்கினார். விருந்தாளிகள் அதற்குள் கிளம்பிவிட்டிருந்தார்கள். "அருமை கிசில்சு மக்களே, என் நெஞ்சும் உங்க நெஞ்சு மாதிரியே எரியுது. எதிர்காலத்துக்குன்னு மாதிரிக்கு வந்த சட்டைங்க அது. சலவை அறையில நடந்த தப்பால பசங்க கைக்குப் போயிடுச்சு. இதுக்குப் பொறுப்பானவங்க நாளையிலேருந்து இங்க இருக்கமாட்டாங்க" என்றார்.

சலவை அறையில் இருந்தது ஒரே ஓர் ஆள்தான். அத்தனை தலைகளும் அந்தக் கதவுப் பக்கம் திரும்பின.

நஸ்மியே முசாஃபரைப் பார்த்தாள். அவன் பந்துகளை வலைப்பைக்குள் போட்டு, முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தான். இறுக்கின முடிச்சையே மறுபடி இறுக்கினான்.

மறுநாள் அவன் வீட்டுக்கே போனாள். அவன் உள்ளே கூப்பிடவில்லை. செருப்போடு வாசலில் நின்றான்.

"நீ பக்கத்துல நின்னியா இல்லியா முசாஃபர்? அவர் சொன்னதக் கேட்டியா இல்லியா?"

"கேட்டேன் அக்கா."

"பின்ன?"

"எனக்கு ரெண்டு பொண்ணு அக்கா. பெய்ஹிசார்ல வேலைக்கு வரச் சொல்லிட்டாரு. உனக்குன்னு ஒரு வார்த்தை பேசினா எனக்கும் இல்லாமப் போகும். உனக்கும் ஒண்ணும் திரும்பக் கிடைக்கப் போறதில்ல."

"சரி, எனக்காகப் பேச வேணாம். இத மட்டும் சொல்லு. நான் தப்பாக் குடுத்தேன்னா, மலைக்கு அந்தப்பக்கத்துலேருந்து வந்தவனுங்க எப்படிடா முன்னாடியே செவப்பு எடுத்துட்டு வந்தானுங்க? உள்ளூர்க்காரன் நீலம் போடறான்னு யாரோ சொல்லித்தான வந்திருப்பானுங்க? டீக்கடைல ஒருத்தனுக்காச்சும் இது தோணலியா?"

முசாஃபர் தரையைப் பார்த்தான். "தோணியிருக்கும் அக்கா. தோணினா அவர்கிட்டப் போய்ச் சண்டை போடணும்ல? ஊர்ல பாதிப் பேர் அவர்கிட்டதான வேலை செய்யறான். உன்மேல போட்டுட்டா எல்லாரும் உக்காந்து டீ குடிக்கலாம்."

யாகூப் இரண்டு நாள் வாசலிலேயே தட்டை வாங்கிச் சாப்பிட்டான். மூன்றாம் நாள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டான்: "இன்சூரன்ஸ்னு சொன்னானா?"

"சொன்னாரு."

"எனக்காகவா?"

அவள் சூப்பை அவன் பக்கம் தள்ளி வைத்தாள். ரொட்டியை வாயில் போட்டு நெடுநேரம் மென்றான். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். அதனாலதான் சொல்லல நீ" என்றான். இருமல் வந்தது. அவள் முதுகைத் தடவிவிட்டாள். தட்டிவிடவில்லை அவன்.

கோடையில் செய்தி வந்தது. கிசில்சு ஸ்போர் என்று இனிமேல் ஒன்று கிடையாது. லீக்கில் அதற்கிருந்த இடம் பெய்ஹிசாருக்கு. மைதானத்தைச் சுற்றித் தகர வேலி எழும்பியது, அதில் ஃபிக்ரெத் பேயின் அடுக்குமாடி வீடுகளின் படம். டீக்கடையில் ஒருவரும் அவர் விற்றார் என்று சொல்லவில்லை. "அன்னிக்கு அந்தப் பொம்பளை அந்தச் சட்டையத் தைக்காம இருந்திருந்தா மேல போயிருப்போம். மேல போன கிளப்ப எவன் மூடுவான்?" என்றார்கள். நாலு பேர் சொல்ல, ஐந்தாவது ஆள் தலையாட்டினான். ரொட்டிக்கடைக்காரர் அவள் காசை வாங்கிக்கொண்டு, ரொட்டியைக் கையில் தராமல் பலகையில் வைத்தார்.

பக்கத்து வீட்டு ஹுரியேதான் ஒருநாள் காலையில் வேலிக்கு மேலாகக் கூப்பிட்டாள். "நஸ்மியே, வெளிய வந்து பாரு. பசங்களா, பெரியவங்களான்னு தெரியலடி. நான் பாக்கல. சத்தியமாப் பாக்கல."

யாகூபின் படுக்கை விரிப்புகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. ராத்திரி இருமி வியர்த்து நனைப்பதால் தினமும் துவைப்பவை. வெள்ளைத் துணி முழுக்க ஆற்றுச் செஞ்சேறு. எறிந்தது பாதி, கையால் அப்பியது பாதி. ஐந்து விரலும் பதிந்த ஓர் உள்ளங்கை, அகலமாக, சூளையில் வேலை பார்த்த கைபோல, நடு விரிப்பில் இருந்தது.

நஸ்மியே ஒவ்வொன்றாக அவிழ்த்து, வாசல் குழாயடியில் தொட்டியில் போட்டு முழங்கால் போட்டாள். கசக்கிப் பிழிந்து தண்ணீரைக் கொட்டினாள். சிவப்பாக ஓடியது. மறுபடி நிரப்பினாள்.

ஃபிக்ரெத் பேயின் கறுப்பு வண்டி தெருவுக்குள் திரும்பியது. எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் கோப்பையைக் கீழே வைத்தார்கள். ஒவ்வொருவராகப் பாதி எழுந்து, நெஞ்சில் கை வைத்து, வண்டி கடந்து போகும்வரை தலை குனிந்து நின்றார்கள். பிறகு உட்கார்ந்தார்கள்.

அவள் இரண்டாவது தண்ணீரைக் கொட்டினாள். அதுவும் சிவப்பாகத்தான் இருந்தது.