‘சர்வர்’ என்று ஒரு நம்பர்

என் கணவர் சரக்கு வாங்க விமானம் ஏறிய அன்றுதான் எங்கள் கடைத் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானது. தையல் மெஷின் உதிரிபாகம் விற்கிறோம். பாதி வியாபாரம் இணையத்தில்தான். அன்று தளத்தைத் திறந்தவர்களுக்கெல்லாம் ‘இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல’ என்று சிவப்பில் எச்சரிக்கை வந்தது. ஊசி வாங்க வந்தவர்கள்கூட அலறியடித்துக்கொண்டு ஓடினார்கள். எங்கள் பெரிய வாடிக்கையாளரான தையல் ஆலை மேனேஜர், மாலைக்குள் சரியாகாவிட்டால் வருட ஆர்டரை வேறு கடைக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

நானே உட்கார்ந்து புதிய சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன். தளம் எங்களுடையதுதானா என்று உறுதிசெய்ய நிர்வாக முகவரிக்கு ஒரு மெயில் போயிருக்கிறது, அதில் ஒப்புதல் கொடுத்தால் போதும் என்றது சான்றிதழ் கம்பெனி. அந்த மெயில் யாருக்குப் போகிறது என்று எனக்கு எங்கே தெரியும்? வருஷா வருஷம் அவர்தான் கடை போனில் ‘சர்வர்’ என்று பதிந்திருக்கும் நம்பரோடு பேசி முடிப்பார். அதுவும் வாசலுக்குப் போய், அரை மணி நேரம், சிரித்துச் சிரித்து. கம்ப்யூட்டர்காரர்களோடு அப்படி என்ன சிரிப்பு என்று கேட்டால், உனக்குப் புரியாது என்பார்.

கடை போனிலிருந்தே அந்த நம்பரைக் கூப்பிட்டேன்.

“என்னப்பா, இந்த வருஷம் இவ்வளவு லேட்டு?” என்றது ஒரு பெண் குரல். “சாப்பிட்டியா?”

எங்கள் தளத்தை முதலில் அமைத்தவள் அவருடைய முதல் மனைவி என்பது எனக்குத் தெரியும்; பேசுவது அவள்தான். விவாகரத்தோடு எல்லாம் முடிந்தது என்றுதான் சொல்லியிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார் மனுஷன்.

நான் யார் என்று சொன்னேன். இழுத்தடிப்பாள், நாலு வார்த்தை திட்டலாம் என்று காத்திருந்தேன். அவளோ, மெயில் காலையிலேயே வந்துவிட்டது, அவர் கூப்பிடுவார் என்று இருந்துவிட்டேன் என்றாள். பேசிக்கொண்டே ஒப்புதல் கொடுத்தாள். வந்த சான்றிதழை சர்வரில் எப்படி ஏற்றுவது என்றும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பொறுமைதான் என் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. சிவப்பு எச்சரிக்கை போய், தளம் ஒழுங்காகத் திறந்தது. மேனேஜரும் ஆர்டரை அனுப்பிவிட்டார்.

போனை வைக்கும் முன், “அந்த மெயில உங்களுக்கே வர்ற மாதிரி மாத்திக்கோங்க,” என்றாள். “ரெண்டு நிமிஷ வேலை. அவர்கிட்ட ஒவ்வொரு வருஷமும் சொல்லிட்டுதான் இருக்கேன்.”

போன வருஷம் இந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றபோது, அதைத் தொட்டால் சர்வரே படுத்துவிடும் என்று என்னைப் பயமுறுத்தியவர் அவர். இப்போது அவள் முகவரியை எடுத்துவிட்டு என் முகவரியைப் போட்டேன். சர்வருக்கு ஒன்றும் ஆகவில்லை.

விமானத்திலிருந்து இறங்கியதும் அவர் கூப்பிட்டார். சான்றிதழ் முடிந்துபோனது, ஆர்டர் கைவிட்டுப் போக இருந்தது, ‘சர்வரோடு’ நான் பேசியது, எல்லாவற்றையும் சொன்னேன். கத்த வேண்டும் என்று நினைத்திருந்தேன், கத்தவில்லை. இனிமேல் அந்த மெயில் எனக்கே வரும், மாற்றிவிட்டேன் என்றேன்.

அவர் ஆர்டர் கிடைத்ததா என்றுகூடக் கேட்கவில்லை.

“அதை ஏன் மாத்தினே?” என்றார்.