சூடு தாங்குமா

'என் யோசனைகள் பெரும்பாலும் வெற்றி பெறும்' என்ற வரிக்கு எதிரே 'சொல்ல முடியாது' என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். சோதித்துப் பார்க்காமல் எப்படிச் சொல்வது? 'புதிதாக யோசிப்பதில் நான் மற்றவர்களுக்கு முன்னால் நிற்கிறேன்' என்பதற்கும் அதே கட்டம்தான். பசை ஆராய்ச்சிக்கூடத்தில் ஒட்டியதையெல்லாம் பிய்த்துப் பார்ப்பது அவள் வேலை, கை அப்படிப் பழகிவிட்டது. பக்கத்து மேசையில் அவள் புருஷன் எல்லா வரிக்கும் 'முழுக்க ஒப்புக்கொள்கிறேன்' என்று மளமளவென்று போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான்.

புதுமைத் திறனை அளக்க வெளியிலிருந்து வந்த புண்ணியவான்கள் அந்தக் கேள்வித்தாள்களை வைத்தே மதிப்பெண்களை அனுப்பினார்கள். புருஷன் முதல், அவள் கடைசி. கடைசியில் நிற்பவர்களுக்கு இனி கூடத்தில் மேசை கிடையாது, சரக்குக் கிடங்குக்கு மாற்றல்.

நேரே இயக்குநர் அறைக்குப் போனாள்.

"சார், ஈரத்துலயும் ஒட்டுற அந்தப் புதுப் பசை என் யோசனை."

"உங்க வீட்டுக்காரர்தானேம்மா கொடுத்தாரு?"

"வீட்டுல சாப்பிடும்போது நான்தான் அவர்கிட்ட சொன்னேன்."

"சாப்பிடும்போது சொன்னதை எப்படிம்மா அளக்கறது?" என்று இயக்குநர் அன்பாகத்தான் கேட்டார்.

அன்று மாலை வீட்டில் புருஷன் தன் பீங்கான் கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தான். உடைந்த கைப்பிடியைப் புதுப் பசையால் ஒட்டியிருந்தான்.

"எல்லாத்துக்கும் 'சொல்ல முடியாது'ன்னா போடுவே? கொஞ்சம் அடிச்சு விடக் கூடாதா?"

"என் யோசனைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொன்னா ரெண்டு பேரும் கீழ போயிருப்போம். வீட்டுல ஒருத்தராவது மேல இருக்க வேண்டாமா?"

அவன் அதை நிஜமாகவே நம்பினான் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"நாளைக்கு முதலாளிங்க முன்னாடி இதுல கொதிக்கக் கொதிக்க டீ ஊத்திக் குடிச்சுக் காட்டப் போறேன். தாங்கும்ல?"

போன வாரம் கூடத்தில் இதே பசையால் ஒட்டிய ஒரு கைப்பிடி கொதிநீரில் கழன்று அவள் கையோடு வந்திருந்தது. ஒரே ஒரு முறைதான். மறுபடியும் செய்து பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று வைத்திருந்தாள். பார்க்க இனி மேசை இல்லை.

"சொல்ல முடியாது," என்றாள்.

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "நீ திருந்தவே மாட்டே."

அவள் கோப்பையை வாங்கி, பழைய துண்டில் பத்திரமாகச் சுற்றி, கைப்பிடி மேலே தெரியும்படி அவன் பையில் வைத்தாள்.