நிற்கும்போது எடுத்த அளவு

காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாமா, அதாவது அம்மாவின் தம்பி, நேற்றுக் குளியலறையில் விழுந்திருக்கிறார். கேட்டால், "சோப்பு வழுக்கிடுச்சு" என்கிறார். அத்தையோ, "சோப்பு அலமாரியிலதான் இருந்துச்சு" என்கிறார்.

மாமாவுக்கு இதய வால்வு சுருங்கிவிட்டது. ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் மாத்திரை இப்படிப்பட்டவர்களுக்கு ஆகாது, ரத்த அழுத்தம் திடீரென்று இறங்கி மயக்கம் வரும் என்பது பழைய பயம். அந்தப் பயம் நியாயம்தானா என்று பார்க்கும் ஆய்வில் நான் டாக்டர். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று எங்களுக்கே தெரியாது. வேண்டாமென்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன், கேட்காமல் மாமாவும் வந்து சேர்ந்துகொண்டார். சொந்தக்காரரை நான் அளக்கக் கூடாது என்பதால் அவருடைய ரத்த அழுத்தத்தை நர்ஸ்தான் அளப்பார்.

படுக்க வைத்து ஒரு அளவு, எழுப்பி நிற்க வைத்து இன்னொன்று. இதுவரை யாருக்கும் நின்றதும் அழுத்தம் இறங்கவில்லை. ஆய்வை நடத்தும் பெரிய டாக்டருக்கு வாயெல்லாம் பல். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன். ஆனால் மாமா விழுந்த பிறகு அந்த நல்ல எண்கள் உறுத்தின.

இன்று கதவோரம் நின்று பார்த்தேன். மாமா எழுந்ததும் ஒரு காலை மறுகாலோடு பின்னி, தொடைகளை இறுக்கிக்கொண்டு நின்றார். மலச்சிக்கல்காரர் மாதிரி முகம் சிவந்திருந்தது. அளவு மட்டும் அருமையாக வந்தது.

"கால ஏன் மாமா அப்படி முறுக்கிக்கிட்டு நிக்கிறீங்க?"

"சும்மாதான் கண்ணு."

"சும்மா யாராவது முறுக்குவாங்களா?"

நர்ஸைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "வெளிய பெஞ்சுல எங்களோட மாத்திரை சாப்பிடுற பஸ் டிரைவர் இருக்காருல்ல, அவருதான் சொல்லிக் குடுத்தாரு. இப்படி இறுக்கி நின்னா தலை சுத்தாதாம். சுத்துதுன்னு சொன்னா கழட்டி விட்டுடுவீங்களாமே? எல்லாரும் இப்படித்தான் நிக்கிறோம்."

எல்லாரும்! காலை இறுக்கினால் ரத்தம் மேலே ஏறும், அழுத்தம் இறங்காது. கல்லூரியில் படித்ததுதான், எண்ணையே பார்த்த கண்ணில் யார் காலும் படவில்லை.

"கால விடுங்க மாமா."

நர்ஸ் மறுபடி அளந்தார். எண் கிடுகிடுவென்று இறங்கியது. மாமா வெளுத்துப் போய்ச் சரிந்தார். இருவருமாகத் தாங்கிப் படுக்க வைத்தோம்.

கண் திறந்ததும், "நான் ஃபெயிலா?" என்றார்.

"பரீட்சை எழுதவா வந்தீங்க? செத்துப் போயிருப்பீங்க மாமா!" கத்திவிட்டேன். கூடவே அழுகையும் வந்துவிட்டது.

"நீ எத்தனை நாளா ஓடி ஓடி உழைக்கிறே. என்னால அது கெட்டுடக் கூடாதுன்னுதான்..."

பெரிய டாக்டருக்குப் போன் செய்தேன். மாமாவின் மாத்திரையை நிறுத்திவிட்டேன், நிற்க வைத்து எடுத்த ஒரு அளவையும் நம்ப முடியாது என்றேன்.

வெளியே வந்தேன். பெஞ்சில் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"டாக்டரம்மா, நம்ம மருந்து ஜெயிச்சிடும்ல?" என்றார் டிரைவர்.

"அது அப்புறம். எழுந்தா யார் யாருக்குத் தலை சுத்துது, கை தூக்குங்க."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்தார்கள். ஒரு கைகூட உயரவில்லை.