பேசி எடுத்த ஒடுக்கு

எங்கள் ஊரில் கார் லேசாக இடித்துக்கொண்டால், இன்சூரன்ஸுக்குப் போக விரும்பாதவர்கள் அதைப் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். தகடு நசுங்கி ஒடுக்கு விழுந்த இடத்துக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி. இடித்தவரும் இடிபட்டவரும் உட்கார்ந்து பேசப் பேசத் தகடு வெளியே வரும். சின்ன நசுங்கல் என்றால் ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். கதவு என்றால் மதியச் சாப்பாடு தாண்டிவிடும். ஏற்கெனவே நாலு பேரிடம் சொன்ன பேச்சுக்குத் தகடு அசையாது. பொய் சொன்னால் இன்னும் உள்ளே போகும். ஏழு நாளுக்குள் தீரவில்லை என்றால் கேஸ் தானாக இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போய்விடும். இது தெரியாதவர்கள் எங்கள் ஊரில் வண்டி ஓட்டுவதில்லை.

நேராகக் கம்பெனிக்கே போகிறவர்களும் இருக்கிறார்கள், யார் வேண்டாமென்றது? கோயமுத்தூரிலிருந்து ஒரு சர்வேயர் வருவார். இரண்டு பேருக்கும் பதிலாக அவரே பேசிவிட்டுப் போவார். அரை மணியில் கதவு புதுசாகிவிடும். ஆனால் படிவத்தில் எதிராளியை ‘மூன்றாம் நபர்’ என்று எழுதுவார்கள். எழுதிவிட்டால் அவர் மூன்றாம் நபர்தான். கிட்டுச்சாமி என்று ஒருவர், மச்சினன் ஜீப்பை இடித்துவிட்டு அவசரப்பட்டுப் படிவம் போட்டார். இன்றைக்கு அவர் மச்சினன் வீட்டுக்குப் போனால், “கரண்டு ரீடிங் எடுக்க வந்தீங்களா?” என்று கேட்டு மீட்டர் பெட்டியைக் காட்டுகிறான். அவரும் எழுதிக்கொண்டு வந்துவிடுகிறார்.

வெள்ளிங்கிரிக்கு ஐம்பத்துநாலு வயது. பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். மகள் நிவேதாவுக்கு அடுத்த திங்கட்கிழமை கல்யாணம். ஊர் முழுக்கப் பத்திரிகை வைத்தாகிவிட்டது. ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அது அவருடைய சொந்த அண்ணன் நாச்சிமுத்துவுக்கு வைக்க வேண்டியது. அண்ணன் தம்பிக்குள் பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளிங்கிரி அண்ணன் வீட்டு வாசலில் காரை நிறுத்தினார். பக்கத்தில் மனைவி இந்திராணி, மடியில் வெற்றிலை பாக்கு பழத்தோடு தட்டு, தட்டில் பத்திரிகை.

“இறங்குங்க.”

“ஒரு சுத்து சுத்திட்டு வந்தர்றேன்.”

“மூணு சுத்து சுத்தியாச்சுங்க. பழம் கனிஞ்சே போச்சு.”

அண்ணன் வாசலிலேயே நிறுத்தி வைத்து ‘என்ன விஷயம்’ என்று கேட்டுவிட்டால்? அந்த ஒரு பயம்தான் மனுஷனைப் போட்டு ஆட்டியது. நாளைக்கு வரலாம் என்று வண்டியை ரிவர்ஸ் எடுத்தார். பின்னால் நின்ற அண்ணனின் வெள்ளைக் காரில் டொம் என்று இடித்தது.

“இடிச்சாச்சு,” என்றாள் இந்திராணி நிம்மதியாக. “இப்ப இறங்கித்தான ஆகோணும்?”

நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். முப்பத்துமூன்று வருஷம் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைப் பலகைகளில் ஒற்று விட்டுப்போயிருந்தால் உள்ளே போய்ச் சொல்லிவிட்டுத்தான் சாமான் வாங்குவார். பின்கதவில் சோற்றுக் குண்டானைக் கவிழ்த்து அமுக்கின மாதிரி ஒரு ஒடுக்கு. அதைப் பார்த்தார், தம்பியைப் பார்க்கவில்லை. எதிர்வீட்டு மாடியைப் பார்த்தபடி மனைவி சொர்ணத்திடம் சொன்னார்.

“இடிச்சவரு கம்பெனிக்குப் போறாரா, பேசறாரான்னு கேளு.”

“தம்பி, கம்பெனிக்குப் போறீங்களா, பேசறீங்களா?” என்றாள் சொர்ணம், மூன்றடி தள்ளி நின்ற கொழுந்தனாரிடம்.

“பேசறேன்னு சொல்லுங்க அண்ணி.”

“பேசறாராமா.”

“சரி, நாற்காலி எடுத்துப் போடு.”

முதல் நாள் முழுக்க இப்படியே போனது. நாச்சிமுத்து, ‘அவருக்குக் கண்ணாடியில பாக்கத் தெரியாதா’ என்பார். வெள்ளிங்கிரி, ‘பாத்தேன்னு சொல்லுங்க’ என்பார். நடுவில் நின்று சொர்ணத்துக்குக் கால் கடுத்ததுதான் மிச்சம், தகடு ஒரு நூல்கூட அசையவில்லை. சாயங்காலம் அவள் புருஷனிடம் சொன்னாள், “எத்தனை பிள்ளைகளுக்குத் தன்மை, முன்னிலை, படர்க்கைன்னு சொல்லிக் குடுத்தீங்க? தம்பிய இப்படிப் படர்க்கையிலயே வெச்சுட்டு இருந்தா ஒடுக்கு எப்படிங்க வரும்? மூஞ்சியப் பாத்து முன்னிலையில பேசுங்க.”

தமிழாசிரியருக்கு அது சரியென்று பட்டது. மறுநாள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, தம்பியின் சட்டைப் பொத்தானைப் பார்த்து, “நீங்க எப்படி இருக்கீங்க?” என்று கேட்டார்.

தகடு இரண்டு விரற்கடை உள்ளே போனது.

வெள்ளிங்கிரிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து ‘டேய் வெள்ளி’ என்று கூப்பிட்ட வாய் அது. அண்ணன் தம்பியை ‘நீங்க’ என்றால் அதில் எங்கேயிருந்து மரியாதை வரும்? அது பச்சைப் பொய், தகடு சரியாகத்தான் செய்தது. ஆனால் பதிலுக்கு அவர் வாயிலிருந்தும், “நல்லா இருக்கனுங்க,” என்று மொட்டையாகத்தான் வந்தது. அதில் ‘அண்ணா’ இல்லை. தகடு இன்னும் ஒரு விரற்கடை போனது.

செவ்வாய்க்கிழமை மழையைப் பற்றிப் பேசினார்கள். புதன்கிழமை மோட்டாரில் எப்படிக் காயில் கட்டுவது என்று வெள்ளிங்கிரி ஒன்றரை மணி நேரம் விளக்கினார், நாச்சிமுத்து ‘காயிலுக்கு நல்ல தமிழ்ச் சொல் சுருள்’ என்றார். வியாழன் வெள்ளி இரண்டு நாளும் மோர் குடித்தார்கள். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, “இன்னும் வரலீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒடுக்கு அப்படியே கிடந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் நிவேதா கேட்டாள், “ஏப்பா, ஞாயித்துக்கெழமைக்குள்ள முடியலீன்னா, திங்கக்கெழம மேடையில பெரியப்பாவுக்கு என்னைய அடையாளம் தெரியுமா?”

“தெரியாது கண்ணு,” என்றார் வெள்ளிங்கிரி. “நம்ம யாரையும் தெரியாது.”

“உங்களுக்கு அவரைத் தெரியுமா?”

இத்தனை வருஷம் பேசாமல் இருந்தாலும், பேசாமல் இருப்பதற்கு ஒரு அண்ணன் இருந்தான். இனி அந்த அண்ணனும் போய்விடுவான்.

சனிக்கிழமை காலையில் நாற்காலியில் உட்கார்ந்ததும் உட்காராததுமாக அவர் ஆரம்பித்துவிட்டார்.

“சுகந்தி கல்யாணத்தன்னைக்கு நான் மண்டபத்துக்கு எதுத்தாப்பல பேக்கரியில நின்னுட்டு இருந்தனுங்கண்ணா. மூணு டீ குடிச்சேன். பொண்ணும் மாப்பிள்ளையும் கார்ல ஏறுன வரைக்கும் பாத்துட்டுத்தான் போனேன்.”

டொக் என்று கதவில் ஒரு சத்தம். ஒரு கை அகலத்துக்குத் தகடு வெளியே வந்திருந்தது.

“அன்னைக்கு எங்கிட்ட தோட்டத்துல மோட்டார் எறக்கப் போறேன்னுதான சொன்னீங்க?” என்றாள் இந்திராணி.

“ஆமா.”

நாச்சிமுத்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். சுகந்தி அவருடைய ஒரே மகள். அந்தக் கல்யாணப் பத்திரிகையைத் தம்பி வீட்டுக்கு நேரில் வந்து வைக்காமல் கொரியரில் அனுப்பியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. கூடப் பிறந்தவனுக்குக் கொரியரில் பத்திரிகை. எங்கள் பக்கத்தில் இதைவிட ஒரு அவமானம் இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

“ஏன்டா வெள்ளி,” என்றார் நாச்சிமுத்து. டொக். “நீ…” என்றார். டொக், டொக். செருமிவிட்டுச் சொன்னார், “அந்தப் பத்திரிகைய நான் ஏழு தடவ திருத்துனேன்டா. ஒரு சந்திப்பிழை கெடையாது. ஆயிரம் பத்திரிகையும் அச்சாகி வந்து, முதல் பத்திரிகைய எடுத்துச் சாமி படத்துக்கு முன்னால வெச்சுப் படிச்சேன். ‘தங்கள் நல்வரவை விரும்பும்’னு போட்டு இருவத்தி ரெண்டு பேரு. அதுல உம்பேரு இல்ல. கமா முதக்கொண்டு பாத்தவன், கூடப் பொறந்தவன் இல்லாததப் பாக்கல. எந்த மூஞ்சிய வெச்சுட்டு உன்ற வீட்டுக்கு வர்றது? வெக்கமாப் போச்சுடா. அதுதான் கொரியர்ல போட்டுட்டேன்.”

டொக், டொக், டொக் என்று மழை பிடித்த மாதிரி கதவு சத்தம் போட்டது. வெள்ளிங்கிரி வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்.

“எம்பேரு இல்லீங்களா?”

“ஏன், நீ பாக்கலியா?”

“கவரையே பிரிக்கலீங்கண்ணா. கொரியர்னு பாத்ததும் வந்த கோவத்துல பரண்மேல வீசிட்டேன். இன்னும் அங்கதான் கெடக்குது.”

நாச்சிமுத்து தம்பியை முதல் முறையாக நேராகப் பார்த்தார். எழுந்து நின்றார், மறுபடி உட்கார்ந்தார். “அட மடப்பயலே,” என்றார். அதற்கு வந்த சத்தம்தான் இருப்பதிலேயே பெரிய சத்தம். அடுத்த தெருவில் நாய் குரைத்தது. சொர்ணம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய் நாலு பேருக்கும் உப்புமா கிண்டினாள்.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். கதவு சீராகியிருந்தது. கைப்பிடிக்குக் கீழே மட்டும் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு பள்ளம். இருவரும் ஆளுக்கு அரை மணி நேரம் பேசிப் பார்த்தார்கள். அது வருவதாக இல்லை.

இந்திராணி தட்டை எடுத்து வந்தாள். பழம் மாற்றியிருந்தாள். வெள்ளிங்கிரி அதை இரண்டு கையாலும் வாங்கி நீட்டினார். “அண்ணா, நிவேதா கல்யாணம். நீங்க வந்து முன்னால நின்னு நடத்திக் குடுக்கோணும்.”

நாச்சிமுத்து கையை நீட்டினார். தட்டு வரைக்கும் போன கை நின்றுவிட்டது.

“ஒரு முறைன்னு இருக்குதல்லடா,” என்றார். குரலில் கோபமில்லை, பாடம் நடத்துகிற குரல். “உன்ற வீட்டுக் கல்யாணத்துக்கு நான் வரோணும்னா, என்ற வீட்டுக் கல்யாணத்துக்கு நீ வந்திருக்கோணும். முதல்ல சுகந்தி கல்யாணம். அப்பறந்தான் நிவேதா கல்யாணம்.”

வெள்ளிங்கிரி யோசித்தார். அண்ணன் சொல்வதில் ஒரு தப்பும் இல்லை.

“அதுவும் சரிதானுங்க. முகூர்த்தம் எத்தனை மணிக்குங்கண்ணா?”

“ஆறரைக்கு மேல ஏழரைக்குள்ள.”

“அப்ப நாளைக்குக் காலையில நேரமே வந்தர்றனுங்க.”

சொர்ணம் பெங்களூருக்குப் போன் போட்டு மகளிடம் சொன்னாள், “சுகந்தி, நாளைக்கு உன்ற கல்யாணத்துக்குச் சித்தப்பா வர்றாரு. பொறப்பட்டு வா.”

“அதே சேலையாம்மா?”

“அதேதான். ஜாக்கெட்டை மட்டும் பிரிச்சுத் தெச்சுக்க. மாப்பிள்ளையக் கூட்டிட்டு வர மறந்துராத.”

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நாலு பேரும் வெள்ளைக் காரிலேயே போனார்கள். நாச்சிமுத்து ஓட்டினார், வெள்ளிங்கிரி பக்கத்தில் உட்கார்ந்தார். பேக்கரிக்கு எதிரே அதே மண்டபம், வாசலில் அன்றைக்குக் கட்டிய வாழை மரம். கொஞ்சம் காய்ந்திருந்தாலும் குலை நன்றாகத்தான் இருந்தது. வரவேற்பு மேசையில் இருந்த பெண்கள் பன்னீர் தெளித்து, “இப்பத்தான் வர்றீங்களா?” என்று சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்கள். உள்ளே கூட்டம் நிறைந்திருந்தது. பதினோரு வருஷமாக உட்கார்ந்திருந்ததில் பலருக்குத் தலை நரைத்திருந்தது. பின்வரிசையில் சிலர் காலை மாற்றிப் போட்டுக்கொண்டார்கள்.

மேடையில் சுகந்தி மணக்கோலத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை. கல்யாணத்தை நடத்துகிற அருமைக்காரர் தாலித் தட்டை ஏந்தியபடி நின்றிருந்தார், கை சற்றே இறங்கியிருந்தது.

“பொண்ணோட சித்தப்பன் வந்தாச்சுங்களா?” என்று அவர் கேட்டார்.

“வந்தாச்சு,” என்று நாச்சிமுத்து மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். “எந்தம்பி வந்தாச்சு.” வாசலில் நின்ற வெள்ளைக் காரிலிருந்து டொக் என்று ஒரு சத்தம் வந்தது.

வெள்ளிங்கிரி மேடையேறினார். தாலியைத் தொட்டுக் கும்பிட்டார். சுகந்தி நிமிர்ந்து, “எங்க போனீங்க சித்தப்பா, காலு மரத்தே போச்சு,” என்றாள். அவர் அவள் தலையில் கையை வைத்தபடி நின்று அழுதார்.

அருமைக்காரர் தலையசைத்தார். கெட்டிமேளம் கொட்டியது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த சுகந்தியின் இரண்டு பிள்ளைகளும் காதைப் பொத்திக்கொண்டு, அம்மா கழுத்தில் அப்பா தாலி கட்டுவதைப் பார்த்தார்கள்.