ஞாயிறு மாலை வரை திறக்காத பெட்டி

1

இந்தக் கதை முதலில் ஒரு சத்தமாகத்தான் என்னிடம் வந்தது. மேசைமேல் மல்லாந்து கிடக்கும் வண்டு எழ முடியாமல் துடித்தால் எப்படியிருக்கும், அப்படி. சனிக்கிழமை மதியம், கீழ்வீட்டுச் சமையலறையில், பான்கேக் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அதைக் கேட்டேன். அன்றிலிருந்து எழுதுகிறேன், எழுதியதை அடிக்கிறேன். எங்கே குழம்பினேனோ அங்கே குழம்பியபடியே விட்டிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தொடக்கம் இது:

நதியில் கப்பல் வந்துகொண்டிருந்தது. மேரன் அதைப் பார்த்து

(நின்றுவிட்டது. மேரன் அதைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தாள்.)

இரண்டாவது:

குறைவாக வாழ்வது என்பது நம் காலத்து மனிதனுக்கு

(பள்ளிக் கட்டுரை வாடை. இதையும் விட்டேன்.)

2

சரி, ஆட்களிடமிருந்து தொடங்குகிறேன்.

மேரன் கிவெலா செடி விற்கும் கடையில் வேலை செய்கிறாள். அவளோடு வாழும் லோவெல் குளிர்காலத்தில் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறான், கோடையில் கூரை வேய்கிறான். எல்லை ஊரான சூ செயிண்ட் மரியில், நதியைப் பார்த்த சரிவில் அவர்கள் வீடு. மாடியறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். அவர்கள் தொலைக்காட்சியை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். பிறகு சோபா, பிறகு கணினி. விருந்தாளி வந்தால் நான் என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கீழே போக வேண்டும்.

(என் அறையில் மொழிபெயர்ப்பு நாவல்கள் கட்டிலுக்கு அடியில்வரை கிடக்கின்றன. பாதியைப் படித்ததில்லை. கீழே போகும்போதெல்லாம் மனது இலேசாகும், மேலே வந்ததும் கீழே பார்த்த அந்த வெறுமைதான் பயமாக இருக்கும். எது சரி என்று தெரியவில்லை.)

கடைசியாக அந்தப் பெட்டி வந்தது. கெட்டிப் பிளாஸ்டிக், வெள்ளை மூடி, மூடிமேல் ஒரு திருகு. எவ்வளவு நேரம் என்று திருகி அழுத்திவிட்டால் அதுவரை யார் கெஞ்சினாலும் திறக்காது. வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாடு முடிந்ததும் இருவருடைய கைபேசியும் அதற்குள் போகும். ஞாயிறு மாலை வெளியே வரும். அவசரமென்றால் கூப்பிடச் சொல்லி என் எண்ணைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுத்திருந்தார்கள்.

* குறைவாக வாழ்வதற்கு முதலில் ஒரு பெட்டி வாங்க வேண்டியிருக்கிறதே என்று லோவெலிடம் கேட்டேன். "மாத்திரையையும் காசு குடுத்து வாங்கித்தானே முழுங்குறோம்" என்றான். இது பதிலா இல்லையா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

3

என் எண் கொடுக்கப்படாத ஒருவன் இருந்தான். மேரனின் தம்பி ரெய்னோ.

ரெய்னோ ஏரிக் கப்பலில் வேலை செய்கிறவன். அவர்களின் அப்பா இறந்தபோதும் கப்பலில் இருந்தான். அந்தச் சமயத்தில் மேரன் அப்பாவின் வீட்டைக் காலி செய்தாள். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று அக்கம்பக்கத்துக் குழுவில் எழுதிப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் வாசலில் வைத்தாள். யார் யாரோ காரில் வந்து எடுத்துப் போனார்கள். அவற்றோடு அப்பாவின் சவுனா வாளியும் போயிற்று. சனிக்கிழமைதோறும் அப்பாவும் மகனும் ஆவிக்குளியலில் உட்கார்ந்து சுடுகல்லில் தண்ணீர் ஊற்றிய பழைய மரவாளி. ரெய்னோ கரைக்கு வந்ததும் அது ஒன்றைத்தான் கேட்டான். அதற்குப் பிறகு அக்காவோடு பேசவில்லை.

அவனிடமிருந்து வெள்ளிக்கிழமை மாலை ஒரு செய்தி வந்தது. "நாளைக்கு மதியம் சூ வழியா மேல் ஏரிக்குப் போறோம். அப்பதான் சிக்னல் இருக்கும். கூப்பிடுறேன். நீ எடுக்கலேன்னா புரிஞ்சுக்குவேன். மறுபடி கூப்பிட மாட்டேன்."

மேரன் அதைப் படித்தாள். சாப்பிட்டாள். கைபேசியைப் பெட்டிக்குள் போட்டாள்.

இந்த மூன்று வாக்கியங்களுக்கு நடுவில் என்ன நடந்தது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. மறந்தாள் என்று எழுதிப் பார்த்தேன், அவள் அசடாகத் தெரிந்தாள். வேண்டுமென்றே செய்தாள் என்று எழுதிப் பார்த்தேன், யாரோ கல்நெஞ்சக்காரி வந்து நின்றாள். இரண்டு பேரையும் எனக்குத் தெரியாது.

4

சனிக்கிழமை மதியம் பான்கேக்மேல் மேப்பிள் பாகை ஊற்றிக்கொண்டிருந்த மேரன் அப்படியே நிறுத்தினாள்.

"ரெய்னோ. இன்னைக்கு ரெய்னோ கூப்பிடுவான்."

"யாரு சொன்னா?" என்றான் லோவெல்.

"அவன்தான். நேத்து."

"நேத்துன்னா, பெட்டிக்கு முன்னாடியா பின்னாடியா?"

"பெட்டிக்குள்ள போனப்புறம் வந்திருந்தா எனக்கு எப்படிடா தெரியும்?"

லோவெல் என் பக்கம் திரும்பினான். "எழுத்தாளரே, உன் போனைக் குடு. நம்மளே கூப்பிடுவோம். மேரன், நம்பர் சொல்லு."

"எழுநூத்தஞ்சுல ஆரம்பிக்கும்."

"ஊருக்கே எழுநூத்தஞ்சுதான். அப்புறம்?"

அப்புறம் ஒன்றும் இல்லை. "உனக்கு என் நம்பராவது தெரியுமா?" என்று அவள் கேட்டாள்.

"நீ பக்கத்துலதானே இருக்க, நம்பர் எதுக்கு?"

நான் மாடிக்கு ஓடி என் மடிக்கணினியை எடுத்து வந்தேன். மேரன் எண்களைச் சேமித்து வைத்திருக்கும் தன் இணையக் கணக்குக்குள் நுழைந்து ரெய்னோவின் எண்ணை எடுத்துவிடலாம் என்பது என் யோசனை. கடவுச்சொல் சரியாக இருந்தது. நீங்கள்தானா என்று உறுதி செய்ய உங்கள் கைபேசிக்கு ஒரு குறியீடு அனுப்பியிருக்கிறோம் என்று திரை சொன்னது. மேசைமேல் பெட்டி ஒரு தடவை நடுங்கியது. குறியீடு வந்துவிட்டது.

லோவெல் சிரித்தான். மேரனும் சிரித்தாள், பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"கரைக்குப் போய்க் கை ஆட்டலாமா? காரை எடுக்கட்டா?" என்றான் லோவெல்.

"கப்பலைத் தண்ணியோட மேல தூக்கிவிடுற மதகு அந்தாண்ட கரையில, வேற நாட்டுல. அங்கேருந்து பார்த்தா நான் எறும்பு."

லோவெல் எழுந்து போய்ச் சுத்தியலோடு வந்தான். மேரன் பெட்டியின்மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள்.

"கையை எடு. கேவலம் ஒரு டப்பா."

"டப்பாவுக்காக இல்ல."

"நேத்து மறந்துதான் போட்டியா? நிஜமா சொல்லு."

"கை போட்டுச்சு, லோவெல். வெள்ளிக்கிழமையானா போடுற கை. அந்த நேரம் நான் அங்க இருந்தேனான்னு எனக்கே தெரியல." கையை எடுக்காமலே, "எடுத்து என்ன சொல்லுவேன்? வாளி யார்கிட்ட போச்சுன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது" என்றாள்.

"ஹலோன்னு சொல்லு."

"அதுக்கு அப்புறம்?"

"அப்புறம் அவன் சொல்லுவான். கூப்பிடுறது அவன்தானே."

மேரன் என்னைப் பார்த்தாள். "நீ படிக்கிற புக்குல இப்படி வந்தா அவ என்ன பண்ணுவா?"

இதற்கு நான் பதில் சொல்லியிருக்கவே கூடாது. சொன்னேன். "உடைக்க மாட்டா. கப்பல் போயிடும். ஞாயித்துக்கிழமை பெட்டி தானா திறக்கும். அவ அதைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பா. வெளியே பனி விழும்."

"நல்லா இருக்கு" என்றாள், மெதுவாக.

"நல்லா இருக்கணும்னு அவ தம்பி போகணுமா, எழுத்தாளரே?" என்றான் லோவெல். "இது ஜூன் மாசம். பனிக்கு எங்க போவ?"

5

(இங்கே வேறு முடிவுகள் இருந்தன. ஒன்றில் லோவெல் பெட்டியை உடைக்கிறான், அக்காவும் தம்பியும் அழுகிறார்கள். கைபேசி விளம்பரம் போல இருந்தது, எடுத்துவிட்டேன். இன்னொன்றில் அடி தவறிக் கைபேசியும் சேர்ந்து உடைகிறது. அதைப் படித்தால் நீங்கள் சிரிப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.)

நடந்ததை மட்டும் சொல்கிறேன். என் கைபேசியில் கப்பல்களைக் காட்டும் வரைபடம் இருக்கிறது. அதில் ரெய்னோவின் கப்பல் ஒரு சின்ன அம்புக்குறி. அது மதகைத் தாண்டி மெல்ல மேற்கே திரும்பியபோது பெட்டி துடிக்க ஆரம்பித்தது. மேரனின் கைக்குக் கீழேயே துடித்தது. கரண்டிகள் கிலுகிலுத்தன.

நின்றது.

லோவெல் சுத்தியலை மேசைமேல் வைத்தான். அம்புக்குறி இன்னும் கொஞ்சம் நகர்ந்தது.

பெட்டி மறுபடியும் துடித்தது.

"மறுபடி கூப்பிட மாட்டேன்னானே" என்றாள் மேரன். மூடியிலிருந்து கையை எடுத்தாள்.

6

அடுத்து நடந்தது எனக்குத் தெரியும், அங்கேதான் இருந்தேன். அதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன்.

"நான் கையை எடுத்தது வரைக்கும் எழுதிக்கோ" என்றாள். "அதுக்கு அப்புறம் வேணாம்."

"படிக்கிறவங்க கேப்பாங்களே."

"கேக்கட்டும். எல்லாத்தையும் வாசல்ல வெச்சு வெச்சுப் பழகிட்டேன். இதை வெக்க மாட்டேன்."

ஆகவே என்னிடம் முடிவு இல்லை. பெட்டி இன்னும் துடிக்கிறது. சுத்தியல் மேசைமேல் இருக்கிறது. கப்பல் சிக்னல் எல்லையை இன்னும் தாண்டவில்லை. ஹலோவுக்குப் பிறகு என்ன சொல்வது என்று எனக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தால் எடுங்கள்.