தோள் தட்டும் சீட்டுக்குக் காலாவதி உண்டா?

1

மனிதகுலம் இதுவரை செய்த பொருள்களிலேயே ஆகப் பயனற்றது, பனிக்கால விடுமுறையில் குழந்தைகள் வீட்டுக்குள் உட்கார்ந்து, பெரியவர்களின் தோள்வலிக்கென்று செய்து தரும் தோள் தட்டும் சீட்டு. முழுப் பொறுப்புடன் சொல்கிறேன். ஒரு காகிதம், ஒரு கத்தரிக்கோல், 'இதைக் கொடுத்தால் பத்து நிமிடம் தோள் தட்டிவிடப்படும்' என்று கோணல் எழுத்து. வாங்கியவர் கண்கலங்குவார், அலமாரியில் வைப்பார், அத்தோடு சரி. ஒரு சீட்டாவது பயன்படுத்தப்பட்டதாகச் சான்று கிடையாது. (தேடினாயா என்று கேட்காதீர்கள்.)

இதை உலகுக்கு அறிவிக்கத்தான் கல்லூரி இதழுக்காக இந்தக் கதையைத் தொடங்கினேன். கதைக்கு ஆள் வேண்டுமே, தொமோயா என்று ஒருவனை வைத்துக்கொண்டேன். கல்லூரி மாணவன், விடுமுறைக்கு, பனிக்குப் பேர்போன யோகொதேவில் உள்ள வீட்டுக்கு வந்திருக்கிறான், கூர்மையான அறிவு, பார்க்கச் சுமாராக [அழகாக என்று திருத்துக]. அது நீதானே என்று சந்தேகப்படுபவர்கள் தாராளமாகச் சந்தேகப்படலாம்.

2

முதல் தொடக்கம்: 'பனி பெய்துகொண்டிருந்தது.' அடித்துவிட்டேன். ஜனவரி மாத யோகொதேவில் அது, 'தொமோயா மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்' என்று எழுதுவது போல.

இரண்டாம் தொடக்கம்: தொமோயாவின் அண்ணன் யசுனொரி கூரைமேல் ஏறிப் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தான். தொப், தொப்பென்று ஜன்னலுக்கு வெளியே வெள்ளை மூட்டைகள் விழுந்தன. உள்ளே, மெத்தை போர்த்திய கனப்பு மேசைக்கடியில் காலை நீட்டிக்கொண்டு நசுனா காகிதம் வெட்டினாள். எட்டு வயது. யசுனொரி கல்யாணம் செய்துகொள்ளப்போகும் மிசுயேவின் மகள். தாயும் மகளும் போன இலையுதிர்காலத்தில்தான் இங்கே குடிவந்தார்கள். மிசுயே வேலைக்குப் போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை யசுனொரிக்குப் பிறந்தநாள்.

இந்தத் தொடக்கம் இருக்கட்டும்.

3

"என்ன வெட்டற?"

"தோள் தட்டற சீட்டு. யசு மாமாவுக்கு. கூரையிலேர்ந்து எறங்குனா தோளு வலிக்கும்ல."

"நீ தட்டுனா ஈ உக்காந்துச்சான்னு கேப்பான்."

"அப்ப நீ மேல போயி பனி தள்ளேன், தொமோ அண்ணா."

"எனக்கு எழுத்து வேலை இருக்கு."

"காலையிலேர்ந்து ரெண்டு வரி எழுதுன. அதுல ஒண்ண அடிச்சிட்ட."

[இந்தப் பாத்திரம் தேவைக்கு மேல் புத்திசாலியாக இருக்கிறது. மட்டுப்படுத்திப் பார்த்தேன், அடங்கவில்லை.]

தொமோயா ஒரு சீட்டை எடுத்துப் படித்தான். கடையில் கொடுத்த தள்ளுபடிச் சீட்டைப் பார்த்து எழுதியிருந்தாள்: 'ஒருவருக்கு ஒன்று மட்டும். பிற சலுகைகளுடன் சேர்த்துப் பயன்படுத்த இயலாது.'

"செல்லுபடியாகும் காலம் எங்க?" என்றான். "தேதி போடாத சீட்டு செல்லாது. மூணாவது படிக்கற, இதுகூடவா தெரியாது?"

சும்மா சீண்டத்தான். ஆனால் நசுனா பென்சிலை எடுத்து, 'செல்லுபடியாகும் காலம்' என்று அடியில் எழுதி நிறுத்தினாள்.

"எவ்வளவு நாள் போடறது?"

"உன் இஷ்டம்."

"அது இல்ல. யசு மாமா எங்ககூட எவ்வளவு நாள் இருப்பாரு?"

வெளியே தொப்.

"ஏன் கேக்கற?"

"முன்னாடி எங்கப்பாவுக்குக் கொடுத்தேன். ஏப்ரல் வரைக்கும்னு போட்டிருந்தேன். அவரு அதுக்கு முன்னாலயே போயிட்டாரு. சீட்டெல்லாம் மிச்சம்." ஓரத்தை நேராக்கி வெட்டினாள். "இந்தத் தடவ கம்மியாப் போட்டா வீணாகாதுல்ல?"

கூர்மையான அறிவுடைய தொமோயா அதற்குச் சொன்ன பதில்

4

வரவில்லை. மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன், தாளுக்கு ஒன்றாக.

அ. 'எப்போதும்' என்று எழுதுகிறாள். அண்ணன் அழுகிறான். (ஒன்றாம் பகுதியில் கண்கலங்குபவர் என்று நான் கிண்டல் செய்தேனே, அவரேதான்.)

ஆ. 'ஞாயிறு வரை' என்று எழுதுகிறாள். வீணாகக் கூடாதே என்று அண்ணன் அன்றே அத்தனையையும் பயன்படுத்திவிடுகிறான். என் ஆராய்ச்சி பொய்த்துப்போகிறது.

இ. 'என் அண்ணன் எங்கேயும் போகமாட்டான்' என்கிறான் தொமோயா. நல்ல வசனம். ஆனால் இதைச் சொல்ல அவன் அவளுக்கு யார்? தொமோ அண்ணா என்கிறாள். அம்மாவைக் கட்டிக்கொள்ளப் போகிறவனின் தம்பி, எந்த ஊரில் அண்ணன்?

5

(தொமோயாவைக் கதையிலிருந்து அனுப்பிவிட்டேன், இனி நானேதான். அவனால் உபயோகம் இல்லை.)

"தொமோ அண்ணா, காகிதம் தீந்துபோச்சு. இதோ, இதுக்குப் பின்னாடி காலியா இருக்கே."

"ஏய், அது இலக்கியம்."

"பின்னாடி ஒண்ணும் இல்லையே?"

பின்னால் ஒன்றுமில்லைதான். என் மூன்று முடிவுகளையும் வாங்கி, தேதி போடாத பழைய சீட்டுகளை ஒதுக்கிவிட்டு, புதிதாக வெட்டினாள். ஒவ்வொன்றாகக் காலத்தை நிரப்பினாள், இடது கையால் மறைத்துக்கொண்டு.

"பாக்காத."

"பாக்கல."

"பாக்கற."

உறையில் போட்டு, நட்சத்திரம் ஒட்டி மூடினாள். அப்போதுதான் அண்ணன் உள்ளே வந்தான். புருவமெல்லாம் பனி. தோளைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"என்னடா ரெண்டு பேரும் சத்தமே காணோம்? பயமா இருக்கே."

உறை மேசைக்கடியில் போய்விட்டது.

"இலக்கியம்" என்றாள் நசுனா.

ஆகவே, என்ன தேதி போட்டாள் என்பது எனக்குத் தெரியாது. எந்த முடிவின் முதுகில் போட்டாள் என்பதும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை என் அண்ணனுக்குத் தெரியும். உங்களுக்கு அவசரமென்றால் நீங்களே ஒரு தேதி போட்டுக்கொள்ளுங்கள். கொஞ்சம் தாராளமாகப் போடுங்கள்.

6

வெட்டியதில் ஒரு துண்டு மிச்சம் கிடந்தது. கத்தரிக்கோலும் அங்கேயே இருந்தது. நசுனா தூங்குமுன் பல் தேய்க்கப் போயிருந்தாள்.

'பனிமனிதன் செய்து தருவதற்கான சீட்டு. ஒருவருக்கு எத்தனை முறை வேண்டுமானாலும். பிற சலுகைகளுடன் சேர்த்துப் பயன்படுத்தலாம்.'

கொடுப்பவர் என்ற இடத்தில் 'தொமோ அ' வரை எழுதி அடித்தேன். பக்கத்தில் 'சித்தப்பா' என்று எழுதினேன்.

செல்லுபடியாகும் காலம்: இந்தச் சீட்டு கிழியும் வரை.

பிறகு செலோ டேப்பை எடுத்து இரண்டு பக்கமும் ஒட்டினேன். ஓரங்கள் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றன. அதன்மேல் இன்னொரு சுற்று ஒட்டினேன்.